ஒலியா, காணொளியா? பாட்காஸ்ட் தொடங்குமுன் போட்டுப் பார்த்த கணக்கு

நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு பாட்காஸ்ட் தொடருக்கான வேலையில் இறங்கியிருக்கிறோம். பொருள், கண்மாயும் ஏரியும். குறிப்பாக, அவற்றின் மடையைத் திறந்து மூடி வயலுக்கு வயல் தண்ணீர் பங்கிட்டுக் கொடுத்த மனிதர்கள். வட மாவட்டங்களில் நீர்க்கட்டி என்பார்கள், தெற்கே போனால் நீர்பாய்ச்சி. எந்த மடையை எத்தனை சாண் திறந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் எப்போது போய்ச் சேரும் என்று கடிகாரம் இல்லாமல் சொல்லக்கூடியவர்கள். நாங்கள் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் எழுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் யாரும் இந்த வேலைக்கு வரவில்லை. இன்னும் பத்து வருஷம் கழித்துப் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாத விஷயம்.

பதிவு செய்வது என்று முடிவானதும் வந்த முதல் கேள்வி, ஒலியாகவா, காணொளியாகவா? யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான். "இப்பல்லாம் யாருங்க ஆடியோ கேக்குறாங்க? யூடியூப்ல வீடியோ போடுங்க." அந்த பதிலில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதிதான் இருக்கிறது. மீதியைத் தேடிக் கொஞ்சம் படித்தேன், கொஞ்சம் கணக்குப் போட்டேன், நண்பர்களோடு நிறையச் சண்டை போட்டேன். அந்தக் குறிப்புகளைத்தான் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். கண்மாய் வேண்டாம், சினிமாவைப் பற்றியோ கிரிக்கெட்டைப் பற்றியோ பாட்காஸ்ட் செய்யப் போகிறேன் என்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். "ஒலியா காணொளியா" என்பது பார்க்க ஒரு கேள்வி மாதிரி இருக்கிறது. உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. எப்படிப் பதிவு செய்வது? எப்படி வெளியிடுவது? எதை, எங்கே பாதுகாத்து வைப்பது? மூன்றுக்கும் ஒரே விடைதான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. குழப்பத்தில் முக்கால்வாசி, இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டு யோசிப்பதால் வருவது.

பாட்காஸ்ட் என்றால் என்ன?

பாட்காஸ்ட் என்றதும் இன்று நம் மனதில் வருவது, பெரிய மைக்குக்கு முன்னால் இரண்டு பேர் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருக்கும் படம். தொடக்கத்தில் அந்தச் சொல் ஒரு விநியோக முறையைத்தான் குறித்தது. 2000-ஆம் ஆண்டு இறுதியில் டேவ் வைனர், ஆர்.எஸ்.எஸ். என்ற செய்தியோடை வடிவத்தில் ஒரு சின்ன உறுப்பைச் சேர்த்தார். அதில் இருப்பது மூன்றே விவரங்கள். கோப்பு எந்த முகவரியில் இருக்கிறது, எத்தனை பைட், என்ன வகை. அவ்வளவுதான். கேட்பவரின் மென்பொருள் அந்த ஓடையை அவ்வப்போது எட்டிப் பார்த்து, புதுக் கோப்பு வந்திருந்தால் இறக்கி வைத்துக்கொள்ளும். 2004 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையில்தான் "பாட்காஸ்டிங்" என்ற சொல் வந்தது. 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் பாட்காஸ்ட்டைச் சேர்த்தது.

கவனியுங்கள், அந்த மூன்று விவரங்களில் "ஒலி மட்டும்" என்று எங்கேயும் இல்லை. கோப்பு எம்.பி.3 ஆகவும் இருக்கலாம், எம்.பி.4 ஆகவும் இருக்கலாம். 2005 அக்டோபரில் காணொளி ஓடும் ஐபாட் வந்தபோதே காணொளி பாட்காஸ்ட்டும் இருந்தது. ஆகவே "வீடியோ பாட்காஸ்ட்" புதுசு இல்லை. புதுசாக மாறியது, கோப்பு யார் கையில் இருக்கிறது என்பது.

பழைய முறையில் கோப்பு உங்கள் சர்வரில், அல்லது நீங்கள் காசு கொடுக்கும் ஒரு சர்வரில் இருக்கும். ஓடையின் முகவரி உங்களுடையது. கேட்பவர் எந்தச் செயலியை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். இதன் அருமை 2024-இல் தெரிந்தது. அந்த வருஷம் கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலி மூடப்பட்டது. அதில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தங்கள் பட்டியலை எடுத்துக்கொண்டு வேறு செயலிக்குப் போனார்கள். எந்த நிகழ்ச்சியும் இதனால் அழியவில்லை, ஏனென்றால் எந்த நிகழ்ச்சியும் அந்தச் செயலிக்குள் இருக்கவில்லை. கடை மூடியது, சரக்கு கிடங்கில் பத்திரமாக இருந்தது.

யூடியூப் சேனல் அப்படியில்லை. அங்கே கடையும் கிடங்கும் ஒன்று. சேனல் முடக்கப்பட்டால் முகவரி, சந்தாதாரர் பட்டியல், பின்னூட்டங்கள் எல்லாம் ஒன்றாகப் போகும். "இந்த நிகழ்ச்சி இனி அங்கே கிடைக்கும்" என்று வழிமாற்றி விடவும் உங்களால் முடியாது. பெரிய பெயர்கள் இந்த மாற்றங்களைத் தாங்குவார்கள். ஜோ ரோகன் 2020-இல் யூடியூப்பை விட்டு ஸ்பாட்டிஃபைக்குப் போனார், 2024-இல் மறுபடி எல்லாத் தளங்களுக்கும் வந்தார், கேட்பவர்கள் பின்னாலேயே வந்தார்கள். நம்மைத் தேடி யார் வருவார்கள்?

சரி, அப்போ யூடியூப்பே வேண்டாமா? அதுவும் சரியில்லை. யூடியூப்பில் மாதம் 100 கோடிக்கும் மேற்பட்டோர் பாட்காஸ்ட் பார்க்கிறார்கள் என்று அந்த நிறுவனமே 2025 பிப்ரவரியில் அறிவித்தது. நம் ஊரில் கணக்கே வேண்டாம், கண்ணால் பார்க்கலாம். என் உறவினர்களில் பாட்காஸ்ட்டுக்கென்று தனிச் செயலி வைத்திருப்பவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். யூடியூப் இல்லாத போன் ஒன்றுகூட இல்லை. "கண்மாய் மடை" என்று ஒருவர் தேடினால், தேடும் இடம் அதுதான். கடைத்தெருவில் கடை போடுவதில் தப்பில்லை, கிடங்குச் சாவியை மட்டும் நம் இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பைட் கணக்கு

மென்பொருள்காரன் என்பதால் இந்தப் பகுதி எனக்குப் பிடித்தது. பெருக்கல் தெரிந்தால் போதும், கூடவே வாருங்கள்.

பேச்சு மட்டும் உள்ள நிகழ்ச்சிக்கு, ஒற்றைத் தடத்தில் நொடிக்கு 64 கிலோபிட் எம்.பி.3 போதுமானது. ஒரு மணி நேரத்துக்கு 28.8 மெகாபைட் வரும். கொஞ்சம் தாராளமாக 128 கிலோபிட் வைத்தால் 57.6 மெகாபைட். காணொளியை ரொம்பச் சிக்கனமாக, நொடிக்கு 1 மெகாபிட் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு மணி நேரத்துக்கு 450 மெகாபைட். ஒலியைப் போல 15 மடங்குக்கும் மேல்.

கேட்பவர் பக்கத்திலிருந்து பாருங்கள். நாளுக்கு 1.5 ஜிபி தரும் சாதாரண ரீசார்ஜில் இந்தக் காணொளி மூன்று மணி நேரம் சொச்சம் ஓடும். 64 கிலோபிட் ஒலியென்றால் ஐம்பது மணி நேரத்துக்கும் மேல், ஒரு நாளில் அத்தனை மணி நேரமே கிடையாது. டேட்டா இப்போ மலிவுதானே என்று நீங்கள் கேட்கலாம். நகரத்தில் சரி. நாங்கள் போன ஊர்களில், கண்மாய்க் கரையில் ஏறி நின்றால்தான் இரண்டு கோடு சிக்னல். அங்கே 28 மெகாபைட் கோப்பு ஒருமுறை இறங்கிவிட்டால் வாட்ஸ்அப்பில் அதை ஊர் முழுக்க அனுப்பிவிடலாம். யாரைப் பற்றிப் பதிவு செய்கிறோமோ அவர்களே கேட்க முடிய வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

இன்னொன்று. காசு கட்டாமல் யூடியூப் பார்ப்பவர்களுக்கு, கைப்பேசித் திரையை அணைத்ததும் பேச்சும் நின்றுவிடும். சமைக்கும்போது, பைக்குக்குப் பதில் பஸ்ஸில் போகும்போது, நடைப்பயிற்சியில் என்று கை, கண் வேறு வேலையில் இருக்கும் நேரம்தான் பாட்காஸ்ட்டின் சொந்த நேரம். அந்த நேரத்தைக் காணொளி மட்டும் வெளியிடுபவர் விட்டுக்கொடுக்கிறார்.

இப்போது பாதுகாக்கும் பக்கம். நாற்பது பேர், ஆளுக்கு இரண்டு மணி நேரம், மொத்தம் 80 மணி நேரம் என்று எங்கள் திட்டம். மூலப் பதிவைச் சுருக்கக் கூடாது என்பதால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பு. கேட்பவருக்கு ஒரு தடம், சொல்பவருக்கு ஒரு தடம். மணிக்கு 1 ஜிபி சொச்சம், மொத்தம் சுமார் 83 ஜிபி. மூன்று பிரதி எடுத்தாலும் 250 ஜிபிக்குள் அடங்கும். இதையே ஒரு நல்ல கேமராவில் நொடிக்கு 50 மெகாபிட்டில் எடுத்தால் மணிக்கு 22.5 ஜிபி, மொத்தம் 1.8 டெராபைட், மூன்று பிரதிக்கு 5.4 டெராபைட். கைப்பேசியில் சுருக்கிய வடிவத்தில் எடுத்தால் நிமிஷத்துக்கு 60 மெகாபைட் அளவில் வரும், மொத்தம் 288 ஜிபி. ஆக, முடியாத காரியம் இல்லை. ஆனால் ஹார்டு டிஸ்க் வாங்குவது ஒருமுறைச் செலவு என்று நினைத்துவிடாதீர்கள். சில வருஷத்துக்கு ஒருமுறை புது டிஸ்க்குக்கு மாற்றி, கோப்புகள் கெடாமல் இருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சுமை எவ்வளவு குறைவோ, அந்த வேலையை நாம் உண்மையிலேயே செய்வதற்கான வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

கண் என்ன தருகிறது, காது என்ன தருகிறது?

காணொளிக் கட்சிக்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன. 1954-இல் சம்பி, பொல்லாக் என்ற இருவர் செய்த சோதனை இந்தத் துறையில் புகழ்பெற்றது. சுற்றுச் சத்தம் கூடக் கூட, பேசுபவர் முகம் தெரிவது சொற்களைப் புரிந்துகொள்ள அதிகமாக உதவுகிறது என்று காட்டினார்கள். 1976-இல் மெக்கர்க், மெக்டொனால்டு இருவரும் இன்னும் வேடிக்கையான ஒன்றைக் கண்டார்கள். வாய் ஓர் ஒலிக்கு அசைய, காதில் வேறோர் ஒலி விழுந்தால், பலருக்கு இரண்டும் இல்லாத மூன்றாவது ஒலி கேட்கிறது. அதாவது நாம் பேச்சைக் காதால் மட்டும் கேட்பதில்லை, கண்ணாலும் கேட்கிறோம். பல் போன பெரியவரின் வட்டார வழக்கு, பக்கத்தில் ஓடும் டிராக்டர், இவற்றுக்கு நடுவே வாயசைவு தெரிந்தால் புரிவது எளிது.

எதிர்க்கட்சிக்கும் சான்று உண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த மைக்கேல் கிராஸ் 2017-இல் வெளியிட்ட ஐந்து ஆய்வுகளில், பேசுபவரின் உணர்ச்சியைச் சரியாகக் கணிப்பதில் குரலை மட்டும் கேட்டவர்கள், முகத்தையும் சேர்த்துப் பார்த்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். முகத்தில் நாம் பலதையும் மறைக்கப் பழகியிருக்கிறோம், குரலில் அவ்வளவு பழக்கமில்லை என்பது ஒரு விளக்கம். இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இது ஆச்சரியமாக இருக்காது. பி.எச். அப்துல் ஹமீதை முகம் பார்க்காமலேயே வீட்டு ஆள் மாதிரி அறிந்துவைத்திருந்தவர்கள் இங்கே எத்தனை பேர்!

"பார்க்க வேண்டிய பொருள் என்றால் காணொளிதான்" என்ற விதியும் அவ்வளவு இறுக்கமானதில்லை. அமெரிக்காவின் ரோமன் மார்ஸ் 2010-இல் தொடங்கிய "99% இன்விசிபிள்" முழுக்க முழுக்க வடிவமைப்பையும் கட்டடக்கலையையும் பற்றியது. கண்ணால் பார்க்க வேண்டிய பொருள்தான், ஆனால் நிகழ்ச்சி ஒலியில்தான் பெயர் எடுத்தது. படம் இல்லாததால் பொருளைச் சொல்லால் கட்டியாக வேண்டிய கட்டாயம், நிகழ்ச்சியைச் செய்பவர்களுக்கு வருகிறது. "இந்தா, இப்படித்தான்" என்று கையைக் காட்டித் தப்பிக்க முடியாது. கேட்பவர் "எவ்வளவு அகலம்? எந்தப் பக்கம்? என்ன கல்?" என்று கேட்டாக வேண்டும். ஆவணம் என்ற முறையில் அந்தக் கேள்விகளே பெரிய லாபம்.

கேமராவுக்கு முன்னால் உட்காரும் மனிதர்

இதுவரை கேட்பவர் பக்கம். சொல்பவர் பக்கம்தான் எங்களுக்குள் அதிகம் விவாதமானது.

ஒரு நீர்பாய்ச்சியிடம் முதல் நாள் கேமராவை முக்காலியில் வைத்துப் பேசினோம். பேத்தி தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையோடு வந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். சுற்றி அரை ஊர். "நமது கண்மாயானது..." என்று மேடைத் தமிழில் ஆரம்பித்தார். இருபது நிமிஷத்தில், "வேற என்ன தம்பி?" என்று முடித்துவிட்டார். இரண்டாம் தடவை போனபோது கேமரா இல்லை. சட்டைப் பட்டனில் ஒரு சின்ன மைக், பையில் ரெக்கார்டர். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, வறட்சி வருஷத்தில் அரிக்கேன் விளக்கோடு ராத்திரி முழுக்க மடையைக் காத்ததையும், சொந்த மச்சான் வயலுக்கு முறையில்லாமல் தண்ணி கேட்டு அரிவாளோடு வந்ததையும், இவர் மடையை விட்டு நகராததையும் ரெண்டு மணி நேரம் சொன்னார். நடுவில் ஒருமுறை பேச்சை நிறுத்திக் கண்மாய்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனமும் பதிவில் இருக்கிறது, பின்னால் ஒரு செம்போத்துக் குரலோடு.

ஒருவரை வைத்து விதி எழுத முடியாது. இரண்டாம் சந்திப்பு என்பதாலேயே பழக்கம் கூடிப் பேச்சு இளகியிருக்கலாம். நேர்மாறாகவும் நடந்தது. இன்னொரு ஊரில் ஒரு பெரியவர் கேமராவைக் கண்டதும் உற்சாகமாகி, "வாயால சொன்னா வெளங்காது, வாங்க" என்று மடைக்கே கூட்டிப்போய், அடைப்புப் பலகையை எப்படித் தூக்குவது, கால் எங்கே வைப்பது, சேற்றை எப்படி வழிப்பது என்று செய்தே காட்டினார். அந்தப் பத்து நிமிஷத்தை எந்த ஒலிப்பதிவாலும் தர முடியாது. அவர் கையில் இருந்த அறிவு அவர் வாயில் இல்லை.

இங்கிருந்துதான் எங்களுக்கு ஒரு வழி கிடைத்தது. நினைவைச் சொல்லும்போது ஒலி. கை வேலையைச் செய்து காட்டும்போது காணொளி.

இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. கண்மாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஆக்கிரமிப்பைப் பற்றிப் பேச்சு வராமல் போகாது. வரத்துக்கால்வாயை மறித்தது யார், உள்வாயில் வேலி போட்டது யார் என்று பெயரோடு சொல்வார்கள். சொல்லிவிட்டு, "இதையெல்லாம் போட்டுறாதீங்க தம்பி, நாங்க இந்த ஊர்லதான் இருக்கணும்" என்பார்கள். முகத்தோடு இருக்கும் காணொளியில் ஒரு முப்பது நொடித் துண்டை யாராவது வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டால், அந்த மனிதரின் நிலை என்ன? ஒலியிலும் குரலை வைத்து ஊர்க்காரர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள்தான், முழுப் பாதுகாப்பு இல்லை. ஆனால் ஒலியில் ஒரு பெயரை எடுத்துவிட்டுத் தையல் தெரியாமல் ஒட்டிவிடலாம். காணொளியில் அதே இடத்தில் தலை சட்டென்று குதிக்கும், "இங்கே எதையோ வெட்டியிருக்கிறார்கள்" என்று படமே காட்டிக் கொடுக்கும். அதை மறைக்க மேலே வேறு காட்சி போட வேண்டும், அதற்கு இன்னொரு நாள் படப்பிடிப்பு வேண்டும்.

நாங்கள் எடுத்த முடிவு, வெளியிடும் முன் திருத்திய ஒலியை அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து போட்டுக் காட்டி, அவர்கள் வேண்டாம் என்பதை எடுத்துவிடுவது. இதற்கு 28 மெகாபைட் கோப்பும் ஒரு சின்ன ஸ்பீக்கரும் போதும்.

உதடும் சத்தமும்

காணொளிதான் என்று முடிவு செய்பவர்களுக்கு ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. காணொளியிலும் முக்கியம் ஒலிதான். படம் சுமாராக இருந்தால் பார்ப்பார்கள், பேச்சு புரியவில்லை என்றால் போய்விடுவார்கள். அதனால் கேமராவின் சொந்த மைக்கை நம்பாமல் தனி ரெக்கார்டரில் பதிவது வழக்கம். அங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. இரண்டு கருவிகளுக்கும் இரண்டு கடிகாரங்கள். ஒவ்வொன்றும் பத்து லட்சத்துக்கு 20 பங்கு என்ற அளவில், ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் ஓடினால், ஒரு மணி நேரத்தில் இரண்டுக்கும் 144 மில்லிநொடி இடைவெளி விழுந்துவிடும். தொடக்கத்தில் கைதட்டிச் சரியாகப் பொருத்தினாலும், முடிவில் உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்.

144 மில்லிநொடி பெரிதா? ஒலிபரப்புக்கான உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, சத்தம் படத்துக்குச் சுமார் 45 மில்லிநொடி முந்தினாலோ, 125 மில்லிநொடி பிந்தினாலோ பார்ப்பவருக்குத் தெரிய ஆரம்பிக்கும். முந்துவதை நாம் சகிப்பதில்லை, பிந்துவதைக் கொஞ்சம் சகிக்கிறோம். ஏன் இந்த வித்தியாசம்? இயற்கையில் சத்தம் எப்போதும் ஒளிக்குப் பின்னால்தான் வரும். கண்மாயின் அக்கரையில் துணி துவைப்பவரைப் பாருங்கள். துணி கல்லில் பட்டபிறகுதான் சத்தம் இக்கரைக்கு வரும். நம் மூளைக்கு அந்தத் தாமதம் பழக்கம். கை இறங்குமுன் சத்தம் வந்தால் பேய் பிடித்த மாதிரி இருக்கும்.

தீர்வு எளிது. தொடக்கத்திலும் முடிவிலும் ஒருமுறை கைதட்டுங்கள். இரண்டு தட்டலுக்கும் நடுவே உள்ள நீளத்தை இரண்டு பதிவிலும் அளந்து, ஒலியை அந்த விகிதத்தில் நீட்டியோ சுருக்கியோ பொருத்திவிடலாம். கைப்பேசியில் படம் எடுத்தால் இன்னொரு கவனம். பல கைப்பேசிகள் நொடிக்கு இத்தனை சட்டகம் என்பதை ஒரே சீராக வைப்பதில்லை. திருத்தத் தொடங்குமுன் சீரான சட்டக வேகத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

ஒலியை மட்டும் வெளியிடுபவருக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. ஒலியளவை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆப்பிள் தன் பாட்காஸ்ட்டுகளுக்கு மைனஸ் 16 எல்.யு.எஃப்.எஸ். என்ற அளவைப் பரிந்துரைக்கிறது. அந்த அளவில் வைத்துவிட்டால், ஒரு நிகழ்ச்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கேட்பவர் வால்யூமைத் தேட வேண்டியதில்லை. இலவச மென்பொருளான ஆடாசிட்டியிலேயே இதைச் செய்யலாம்.

டீக்கடைப் பாட்டு பின்னால் ஓடினால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். யூடியூப்பின் கன்டென்ட் ஐடி தானாகவே அந்தப் பாட்டை அடையாளம் கண்டு, உரிமையாளர் சார்பில் உரிமை கோரக்கூடும். பேட்டி எடுக்கும்போதே, "அண்ணே, பத்து நிமிஷம் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா?" என்று கேட்டுவிடுவது எல்லா மென்பொருளையும்விடச் சிறந்தது.

அப்போ முடிவு?

முன்னே சொன்ன மூன்று கேள்விகளுக்கும் தனித்தனியாக விடை எழுதிக்கொண்டோம்.

பதிவு: பேட்டி முழுவதும் தனி மைக்கில், சுருக்காத ஒலி. கை வேலை, மடையின் அமைப்பு, கலுங்கு, கல்வெட்டு போன்ற பார்க்க வேண்டியவற்றுக்கு மட்டும் குறும்படத் துண்டுகள், ஒவ்வொன்றும் ஐந்திலிருந்து பத்து நிமிஷம். பேட்டி முடிந்து, மனிதர் நம்மோடு பழகிய பிறகு, அவர் சம்மதத்தோடு.

வெளியீடு: முழுப் பேட்டி ஒலியாக, எங்கள் சொந்த முகவரியில் உள்ள ஓடை வழியாக. அதே ஒலி, ஒரு நிலைப்படத்தோடு யூடியூப்பிலும். செயலி எதுவும் வேண்டாதவர்களுக்கு அங்கே கிடைக்கட்டும். கை வேலைத் துண்டுகள் யூடியூப்பில் தனிக் காணொளிகளாக, முழுப் பேட்டிக்கு வழிகாட்டும் இணைப்போடு. தேடி வருபவரைக் காணொளி வாசலில் வரவேற்கும், உள்ளே உட்கார்ந்து பேசுவது ஒலி. இவற்றோடு பேச்சின் எழுத்து வடிவமும். ஒலிக்குள் இருக்கும் சொல்லைத் தேடுபொறி எளிதில் எட்டாது, எழுத்துக்குள் இருந்தால் எட்டும். காது கேளாதவர்களுக்கும் அதுதான் வழி.

பாதுகாப்பு: மூலக் கோப்புகள் மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். வெளியிட வேண்டாம் என்று அவர்கள் சொன்ன பகுதிகளும் மூலத்தில் இருக்கும், பூட்டோடு.

உங்கள் நிகழ்ச்சிக்கு விடை வேறாக இருக்கலாம். சமையல், ஓவியம், சதுரங்கம் என்றால் காணொளி இல்லாமல் கதையாகாது. புகழ் பெற்றவர்களைப் பேட்டி எடுப்பவர்களுக்கு முகம்தான் முதலீடு. இரண்டு பேர் வாராவாரம் உட்கார்ந்து செய்தி அலசுவது என்றால், மாதம் எத்தனை மணி நேரம் திருத்த முடியும் என்பதே முடிவு செய்யும். என் அனுபவத்தில் ஒரு மணி நேரப் பேச்சை ஒலியாகத் திருத்த ஒரு ஞாயிறு முற்பகல் போதும், காணொளியாக என்றால் ஞாயிறு முழுசும் போய் இரவும் போகும். வேலைக்குப் போய்க்கொண்டே இதைச் செய்பவர்கள், பத்தாவது பகுதி வரைக்கும் தாக்குப்பிடிக்கும் வடிவம் எது என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாவது பகுதியோடு நின்றுபோன அழகான காணொளித் தொடரைவிட, முப்பது பகுதி வந்த எளிய ஒலித் தொடர் யாருக்காவது பயன்படும்.

எதைத் தேர்ந்தாலும், பதிவு பொத்தானை அழுத்துமுன் எதிரில் இருப்பவரிடம், "உங்களுக்கு எப்படிப் பேசினா வசதி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இணையத்தில் எத்தனையோ ஒப்பீட்டுப் பட்டியல்கள் இருக்கின்றன. நான் பார்த்த எதிலும் இந்த வரி இல்லை.

எங்கள் பட்டியலில் நாற்பது பெயர்கள். இதுவரை பதினோரு பேரிடம் பேசியிருக்கிறோம். பட்டியல் போட்டபோது இருந்தவர்களில் இரண்டு பேர் இப்போது இல்லை. உங்கள் ஊரில் மடை காத்தவர் யாராவது இருந்தால் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். கையில் இருக்கும் போனை அவருக்கு ஒரு சாண் தள்ளி வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, நீங்களே பேச ஆரம்பித்துவிடுங்கள்.